கர்தினால் பாவுலோ எவரிஸ்தோ ஆர்ன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருங்க இவரு? சுருக்கமா சொல்லுங்க.

பிரேசில் நாட்டு கத்தோலிக்க கர்தினால், பிரான்சிஸ்கன் சபைக்காரர். 1970லேருந்து 1998 வரைக்கும் சாவோ பாவுலோ நகரத்தோட பேராயர். பிரேசில்ல 1964ல ஆரம்பிச்சு 1985 வரைக்கும் ராணுவ ஆட்சி நடந்துச்சு, அதுல ரொம்ப மோசமான வருஷங்கள்ல இவரு அந்த நாற்காலில உக்காந்திருந்தாரு. ஜெயில்ல அடிபட்டவங்க, காணாம போனவங்களோட அம்மாக்கள், வக்கீல்கள், வேலைநிறுத்தம் பண்ண தொழிலாளிங்க எல்லாரும் கடைசியா வந்து தட்டுன கதவு இவரோடதுதான். பிரேசில்காரங்க "தோம் பாவுலோ"ன்னு கூப்பிடுவாங்க, தோம்ங்கறது அங்க ஆயர்களுக்குக் குடுக்குற மரியாதை. 1921 செப்டம்பர் 14ல பொறந்து 2016 டிசம்பர் 14ல இறந்தாரு, 95 வயசு.

பிரான்சிஸ்கன்னா ஏழ்மை வார்த்தைப்பாடு குடுத்தவங்களாச்சே, அவங்க எப்படி கர்தினால் ஆகுறாங்க?

ஆகலாம், நிறைய பேரு ஆகியிருக்காங்க. அசிசி பிரான்சிஸ் ஆரம்பிச்ச சபை இப்ப ஆண்கள் பக்கம் மூணு கிளையா இருக்கு: ஓஎஃப்எம்னு சொல்ற கிளை, கன்வென்சுவல், கப்புச்சின். ஆர்ன்ஸ் ஓஎஃப்எம். சபைத் துறவியா இருக்குறவர திருத்தந்தை ஆயரா நியமிச்சா அவரு மடத்த விட்டு வெளிய வந்து, ஆயர் பொறுப்புல இருக்குற பகுதியான மறைமாவட்டத்த நடத்துவாரு, ஆனா துறவிங்கறது போயிடாது.

இது பேப்பர்ல எழுதி வெக்க ஈசி, நடைமுறைல பேராயர்னா மாளிகை, கார், வேலைக்காரங்கன்னு வந்துடும். ஆர்ன்ஸுக்கும் வந்துச்சு. சாவோ பாவுலோ பேராயர்களுக்கு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) பேர்ல ஒரு பெரிய மாளிகை தோட்டத்தோட இருந்துச்சு. 1973ல அத வித்துட்டாரு. வந்த காசுல நகரத்தோட வெளிவட்டத்துல, அதாவது கிராமத்துலேருந்து பஸ் ஏறி வந்து தகரம் பலகைன்னு கெடச்சத வெச்சு வீடு கட்டிட்டு இருந்த ஜனங்க இருந்த ஏரியாக்கள்ல, நிலம் வாங்கி சமூகக் கூடங்கள் கட்டுனாரு. சுமார் 1,200 கூடங்கள்னு சொல்றாங்க. பூசைக்கும் அதே கூடம், எழுத்தறிவு வகுப்புக்கும் அதே கூடம், தண்ணிக் குழாய் கேட்டு மனு எழுதுறதுக்கும் அதே கூடம். நம்ம ஊர் பங்குகள்ல அன்பியம்னு அக்கம்பக்கத்துக்காரங்க சின்னக் குழுவா கூடுறாங்களே, அதோட பிரேசில் சொந்தக்காரங்கதான் இந்தக் கூடங்கள்ல கூடுன குழுக்கள், ஆனா அங்க அரசியல் சூடு பல மடங்கு ஜாஸ்தி.

குடும்பம், படிப்பு பத்தி?

தெற்கு பிரேசில்ல சாண்டா கத்தரினா மாநிலத்துல ஃபோர்கிலினியாங்கற விவசாய ஊரு. ஜெர்மனிலேருந்து குடியேறுன குடும்பம், வீட்டுல 13 பிள்ளைங்க. 1945ல குருப்பட்டம். அப்புறம் பாரிஸ்ல சோர்போன்ல டாக்டர் பட்டம், 1952. ஆய்வு எதப்பத்தின்னா, நாலாம் நூற்றாண்டுல வாழ்ந்த புனித ஜெரோம் காலத்துல புத்தகம் எப்படி தயாராச்சு, யாரு சொல்லி யாரு எழுதுனாங்க, யாரு நகல் எடுத்தாங்க, எப்படி ஊர் ஊரா போச்சு, எங்க பாதுகாத்தாங்க. 25 வருஷம் கழிச்சு இந்த மனுஷன் பாதுகாப்புலயே நாட்டோட ரொம்ப ஆபத்தான நகல் எடுக்குற வேலை நடக்கப் போகுதுன்னு அப்ப யாருக்குத் தெரியும். அத கீழ விவரமா சொல்றேன்.

பாரிஸ்லேருந்து திரும்பி பெட்ரோபோலிஸ்ல இறையியல் வாத்தியார். பக்கத்துக் குன்றுகள்ல இருந்த ஏழைங்க மத்தியிலயும் வேலை பாத்தாரு. 1966ல சாவோ பாவுலோவுக்கு துணை ஆயரா வந்தாரு, நகரத்தோட வடக்குப் பகுதி இவர் பொறுப்பு. கரந்திரு ஜெயில் அந்தப் பக்கம்தான் இருந்துச்சு. கைதிங்கள பாக்கப் போறது இவருக்கு பேராயர் ஆகுறதுக்கு முன்னாடியே பழக்கம்.

ஆரம்பத்துலேருந்தே ராணுவத்துக்கு எதிரா இருந்தாரா?

இல்ல. இத நெறைய பேரு மறைச்சுட்டு எழுதுறாங்க, மறைக்க வேண்டிய அவசியமே இல்ல. 1964ல ராணுவம் ஆட்சியப் பிடிச்சப்ப பிரேசில் ஆயர்கள்ல பெரும்பாலானவங்க, கம்யூனிசம் வந்துடும்ங்கற பயத்துல, அத வரவேற்றாங்க. ஆர்ன்ஸும் அப்ப எதிர்க்கல. அவரு ஒரு படிப்பாளி, கட்சி அரசியல்லேருந்து வந்தவரு கிடையாது. கண்ணால பாத்ததுக்கு அப்புறம்தான் மாறுனாரு, மாறுனதுக்கு அப்புறம் பின்வாங்கல. எனக்கென்னவோ இதனாலயே அவரு பேச்சுக்கு வெயிட் கூடுச்சுன்னு தோணுது, ஏன்னா பொறக்கும்போதே புரட்சிக்காரன்னு அவர யாராலயும் தள்ளிவிட முடியல.

1968 டிசம்பர்ல ராணுவ அரசு அஞ்சாவது நிறுவனச் சட்டம்னு ஒண்ணு போட்டுச்சு. நாடாளுமன்றத்த மூடலாம், அரசியல் கேஸ்ல பிடிச்சவங்களுக்கு ஆட்கொணர்வு மனு கிடையாது, பத்திரிகைக்கு தணிக்கை. பிடிச்சுட்டுப் போனா எங்க இருக்காங்கன்னு கேக்கவே வழியில்ல. இந்த நேரத்துலதான், 1970 அக்டோபர்ல, முந்தைய பேராயர் அக்னேலோ ரோசிய ரோமுக்கு மாத்திட்டு ஆறாம் பவுல் இவர பேராயரா நியமிச்சாரு. 1973 மார்ச் 5ல கர்தினால் ஆக்குனாரு, பின்னாடி 33 நாள் திருத்தந்தையா இருந்த அல்பீனோ லூச்சியானியும் அதே நாள்ல கர்தினால் ஆனவர்தான்.

முதல் மோதல் எப்ப?

பேராயர் ஆகி மூணு மாசத்துக்குள்ளயே. 1971 ஜனவரில ஜூலியோ விசினிங்கற ஒரு பாதிரியாரையும் யாரா ஸ்பாதினிங்கற ஒரு சமூக சேவகியையும் போலீஸ் பிடிச்சுட்டுப் போச்சு. ஆர்ன்ஸ் நேரா அரசியல் போலீஸ் ஆபீசுக்குப் போயி ரெண்டு பேரையும் பாத்தாரு. சித்திரவதை பண்ணியிருந்தாங்க.

அடுத்து அவரு செஞ்சது ரொம்ப சாதாரணமான ஒரு விஷயம். கல்யாண ஓலை, திருவிழா நேரம் எல்லாம் ஒட்டுற கோவில் நோட்டீஸ் போர்டு இருக்குல்ல, உயர்மறைமாவட்டத்துல இருக்குற கோவில் எல்லாத்துலயும் ஒரு அறிக்கைய ஒட்டச் சொன்னாரு, இன்னாரு கைதாகியிருக்காங்க, அவங்கள சித்திரவதை பண்ணியிருக்காங்கன்னு. பத்திரிகைல ஒரு வரி வராத காலம் அது. நோட்டீஸ் போர்டுக்கு தணிக்கை அதிகாரி கிடையாதே.

ஆர்ன்ஸோட ஸ்டைலே இதுதான்னு நான் சொல்லுவேன். புதுசா எந்த ஆயுதமும் செய்யல. நோட்டீஸ் போர்டு, அடக்கத் திருப்பலி, மறைமாவட்ட வாரப் பத்திரிகை, வக்கீல் வெச்சுக்குற உரிமைன்னு ஏற்கனவே கைல இருந்தத எல்லாம் எடுத்து உபயோகிச்சாரு. 1972ல நீதி அமைதி ஆணையம்னு ஒண்ண சாவோ பாவுலோல ஆரம்பிச்சாரு, தால்மோ தல்லாரி, ஏலியோ பிகூதோ, ஜோசே கார்லோஸ் தியாஸ் மாதிரி வக்கீல்கள் அதுல இருந்தாங்க. ஆள் காணோம்னு வர்ற குடும்பத்த உக்கார வெச்சு கேட்டு, பேரு, தேதி, எங்க பிடிச்சாங்கன்னு எழுதி வெப்பாங்க. அரசும் சும்மா இருக்கல, 1973ல மறைமாவட்டத்தோட நோவே தி ஜூலியோ ரேடியோவ இழுத்து மூடுச்சு, அது திரும்ப காத்துல வந்தது 1999லதான். "ஓ சாவோ பாவுலோ"ங்கற வாரப் பத்திரிகைக்கு 1978 வரைக்கும் அச்சுக்கு முன்னாடியே தணிக்கை.

ஹெர்சோக் பூசை, ஹெர்சோக் பூசைன்னு சொல்றாங்களே, அது என்ன?

விளாடிமிர் ஹெர்சோக் யூதர், பத்திரிகையாளர், டிவி கல்ச்சுராங்கற அரசு சேனலோட செய்திப் பிரிவுத் தலைவர். 1975 அக்டோபர் 25ல விசாரணைக்குன்னு கூப்பிட்டதால தானே நடந்து ராணுவ உளவு மையத்துக்குப் போனாரு. அன்னைக்கே செத்துட்டாரு. தூக்கு மாட்டிக்கிட்டாருன்னு அறிக்கை விட்டு ஒரு போட்டோவும் குடுத்தாங்க, அந்த போட்டோல கால் தரைல படுது.

யூத வழக்கத்துல தற்கொலை பண்ணவங்கள கல்லறையில தனி ஓரத்துல புதைப்பாங்க. ரபி ஹென்றி சோபல் அதுக்கு ஒத்துக்கல, நடுவுல மத்தவங்களோட சேத்துதான் அடக்கம் பண்ணாரு. வாயத் தொறக்காமலே இது கொலைன்னு சொன்னதுதான் அது.

அக்டோபர் 31ல நகரத்தோட தலைமைக் கோவிலான சே பேராலயத்துல ஆர்ன்ஸ் பொது வழிபாடு ஏற்பாடு பண்ணாரு. அது பூசை இல்ல, சர்வசமய வழிபாடு: கர்தினால், ரபி சோபல், பிரெஸ்பிடேரியன் போதகர் ஜேம்ஸ் ரைட் மூணு பேரும் ஒரே பீடத்துல. போகாதீங்கன்னு அரசு பக்கத்துலேருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனாங்க. நகரம் பூரா போலீஸ் ரோட்ட மறிச்சு டிராஃபிக் ஜாம் பண்ணி வெச்சாங்க, ஜனங்க வந்து சேராம இருக்கட்டும்னு. பாதி வழியில பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தே வந்தாங்க, சுமார் 8,000 பேரு. உள்ள இடமில்லாம வாசல், சதுக்கம் எல்லாம் ஆளுங்க. கொல்லாதேன்னு கட்டளை இருக்குன்னு கர்தினால் பிரசங்கத்துல சொன்னாரு. முடிஞ்சதும் ஒரு கோஷம்கூட போடாம சின்னச் சின்னக் கூட்டமா கலைஞ்சு போங்கன்னு கேட்டுக்கிட்டாங்க, அப்படியே போனாங்க. சுட ஒரு சாக்கு கெடைக்கல.

இது முதல் தடவையும் இல்ல. 1973 மார்ச்ல அலெக்சாந்த்ரே வனுக்கி லெமேங்கற காலேஜ் மாணவர இதே மாதிரி கொன்னுட்டு லாரில அடிபட்டாருன்னு கத விட்டப்ப அவருக்கும் பேராலயத்துல ஆர்ன்ஸ் திருப்பலி வெச்சாரு, ஆயிரக்கணக்குல மாணவர்கள் வந்தாங்க. ஆனா 1975 அளவுக்கு நாடு முழுக்க அதிரல. ஹெர்சோக் செத்து மூணு மாசத்துல மனுவேல் ஃபியேல் ஃபில்யோங்கற தொழிலாளியும் அதே மையத்துல "தூக்கு மாட்டிக்கிட்டாரு". அப்பதான் ஜனாதிபதி கைசல் அந்தப் பகுதி ராணுவத் தளபதிய பதவியிலேருந்து தூக்குனாரு. ஹெர்சோக்கோட இறப்புச் சான்றிதழ கோர்ட் உத்தரவுல மாத்திக் குடுத்தது 2013ல.

அந்த ரகசிய ஜெராக்ஸ் கதை உண்மையா?

முழுசா உண்மை, இந்த மனுஷன் வாழ்க்கைலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

1979 ஆகஸ்ட்ல பொதுமன்னிப்புச் சட்டம் வந்துச்சு. ஜெயில்ல இருந்தவங்க வெளிய வரலாம், நாடு கடத்தப்பட்டவங்க திரும்பலாம். ராணுவம் அதுல ஒரு தந்திரம் வெச்சிருந்துச்சு, அதே சட்டம் சித்திரவதை பண்ணவங்களையும் காப்பாத்துச்சு. ஆட்சி மெதுவா கைமாறப் போகுதுன்னு தெரிஞ்சுச்சு. அப்படி மாறும்போது பேப்பர் எல்லாத்தையும் கொளுத்திடுவாங்கன்னு பயம், ஏற்கனவே பிரேசில்ல நடந்ததுதான்.

ராணுவ கோர்ட்ல நடந்த அரசியல் கேஸ்களோட கட்டுங்க எல்லாம் தலைநகர் பிரேசிலியால ராணுவ உச்ச நீதிமன்றத்துல இருந்துச்சு. பொதுமன்னிப்பு மனு போட வேண்டியிருந்ததால வக்கீலுங்க அந்தக் கட்டுங்கள 24 மணி நேரத்துக்கு வெளிய எடுத்துட்டுப் போகலாம். இதுதான் ஓட்டை. எனி ராய்முந்தோ மொரெய்ராங்கற பெண் வக்கீலுக்குத்தான் முதல்ல தோணுச்சு, இத எடுக்கும்போதெல்லாம் ஏன் முழுசா நகல் எடுக்கக்கூடாதுன்னு.

காசு வேணும், பாதுகாப்பும் வேணும். ஆர்ன்ஸ் பொறுப்பு எடுத்துக்கிட்டாரு, கூட ஹெர்சோக் வழிபாட்டுல நின்ன அதே போதகர் ஜேம்ஸ் ரைட். அவரோட சொந்தத் தம்பி பாவுலோ ஸ்டூவர்ட் ரைட், மாநில சட்டமன்ற உறுப்பினரா இருந்தவரு, 1973ல ராணுவம் பிடிச்சுட்டுப் போயி திரும்பவே இல்ல. ஜெனீவால இருக்குற உலகத் திருச்சபைகள் மன்றத்துக்கிட்ட பணம் கேட்டாங்க, அப்ப அதோட பொதுச் செயலாளர் ஃபிலிப் பாட்டர். கத்தோலிக்க கர்தினாலுக்கு கத்தோலிக்கம் அல்லாத சபைங்களோட மன்றம் ரகசியமா பணம் அனுப்புது, அந்தக் காலத்துல இது சின்ன விஷயமில்ல.

கோர்ட்டுக்குப் பக்கத்துலயே பிரேசிலியால ஒரு ஆபீஸ் எடுத்து, ஜெராக்ஸ் மிஷின் வாடகைக்கு எடுத்து, ஆள் வெச்சாங்க. வக்கீல் கட்ட எடுத்துட்டு வருவாரு, ராத்திரி பகலா ஓட்டுவாங்க, குடுத்த நேரத்துக்குள்ள திருப்பிக் கட்டிக் குடுத்துடுவாங்க. எடுத்த நகல் சாவோ பாவுலோவுக்குப் போகும், அங்க மைக்ரோஃபிலிம் ஆக்கி வெளிநாட்டுக்கு அனுப்பிடுவாங்க, இங்க ரெய்டு வந்தாலும் அங்க ஒரு செட் இருக்கும். வேலை பாத்தவங்கள்ல பல பேருக்கு முழுப் படமும் தெரியாது. அஞ்சு வருஷத்துக்கு மேல இது வெளிய கசியல. 707 கேஸ், சுமார் பத்து லட்சம் பக்கம்.

ஆர்ன்ஸும் ரைட்டும் ஒரு முடிவு எடுத்தாங்க: பாதிக்கப்பட்டவங்க இப்ப வந்து குடுக்குற பேட்டி எதுவும் வேணாம், கோர்ட் கட்டுல என்ன இருக்கோ அது மட்டும். விசாரணைக் கைதிங்க ராணுவ நீதிபதி முன்னாடியே நின்னு, என்ன இன்னாரு இன்ன எடத்துல கரண்ட் வெச்சாரு, தலைகீழா தொங்க விட்டாருன்னு சொல்லியிருக்காங்க, ராணுவ கிளார்க்கே அத டைப் பண்ணி ராணுவ முத்திரை குத்தி வெச்சிருக்காரு. அவங்க விரல எடுத்து அவங்க கண்ணையே குத்துன மாதிரி. கம்யூனிஸ்ட் பொய்னு எப்படி சொல்லுவாங்க, சொந்த பீரோலேருந்து வந்ததாச்சே.

மொத்த ஆய்வறிக்கை கிட்டத்தட்ட 7,000 பக்கம், அத யாரு படிப்பா. அதனால எல்லாரும் படிக்குற மாதிரி ஒரே புத்தகமா சுருக்குனாங்க, "பிரேசில்: இனி ஒருபோதும் வேண்டாம்"னு பொருள் வர்ற தலைப்புல 1985 ஜூலைல வந்துச்சு. அட்டைல எழுத்தாளர் பேரு இல்ல, முன்னுரை ஆர்ன்ஸ். போட்டது பெட்ரோபோலிஸ்ல இருக்குற வோசஸ் பதிப்பகம், பிரான்சிஸ்கன்கள் நடத்துறதுதான். விளம்பரமே இல்லாம கடைக்கு வந்து மாசக்கணக்கா விற்பனைப் பட்டியல்ல மேலயே நின்னுச்சு.

சித்திரவதை பண்ணவங்க பேரெல்லாம் அந்தப் புத்தகத்துல இருக்கா?

தனிப் பட்டியலா இல்ல. கோர்ட் கட்டுல பேர் வந்த 444 பேரோட பட்டியல 1985 நவம்பர்ல தனியா வெளியிட்டாங்க. அது வந்தப்ப பெரிய ரகளை, ஏன்னா அதுல இருந்த சில பேரு அப்பவும் அரசுப் பதவிகள்ல இருந்தாங்க.

தண்டனை? 1979 சட்டத்தால கேஸே போட முடியல. 2010ல பிரேசில் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. 2012ல அரசே உண்மை ஆணையம் வெச்சு 2014 டிசம்பர்ல அறிக்கை குடுத்தாங்க, கொல்லப்பட்டவங்களும் காணாம போனவங்களுமா 434 பேருன்னு. அந்த ஆணையம் வேலைய ஆரம்பிக்கும்போது கைல இருந்த ரொம்ப முக்கியமான காகிதம், பாதிரியாருங்களும் வக்கீலுங்களும் முப்பது வருஷத்துக்கு முன்னாடி எடுத்த ஜெராக்ஸ்தான். அர்ஜென்டினால ஜெனரல்கள கூண்டுல ஏத்துனாங்க, பிரேசில்ல அது நடக்கல. அந்த ஏமாத்தம் இன்னும் இருக்கு.

பிரேசில் ஆளுங்களுக்கு மட்டும்தான் உதவுனாரா?

இல்லீங்க. 1970கள்ல அர்ஜென்டினா, உருகுவே, சிலி, பராகுவே எல்லாத்துலயும் ராணுவ ஆட்சி, தப்பிச்ச ஜனங்க சாவோ பாவுலோவுக்கு ஓடி வந்தாங்க. இந்த நாட்டு உளவுத்துறைங்க எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கூட்டு வேற, எல்லை தாண்டியும் ஆள் தூக்குவாங்க. ஆர்ன்ஸ் நிழல்ல கிளமோர்னு ஒரு சின்னக் குழு வேலை பாத்துச்சு, ஜேம்ஸ் ரைட், பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஜான் ரோச்சா, வக்கீல் லூயிஸ் எதுவார்தோ கிரீன்ஹால்க் மூணு பேரும் சேந்து ஆரம்பிச்சது.

1979ல இவங்க கண்டுபிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்றேன். புவெனோஸ் ஐரெஸ்ல 1976ல பெத்தவங்களோட கடத்தப்பட்ட ஒரு அண்ணன் தங்கச்சி, பையனுக்கு நாலு வயசு, பொண்ணுக்கு ரெண்டுகூட ஆகல. பெத்தவங்க திரும்பல. பிள்ளைங்கள சிலி நாட்டுல வால்பரைசோ ஊர் சதுக்கத்துல விட்டுட்டுப் போயிட்டாங்க. எதுவும் தெரியாத ஒரு நல்ல குடும்பம் எடுத்து வளத்துச்சு. கிளமோர் அவங்களத் தேடிப் பிடிச்சு பாட்டிக்குத் தகவல் சொன்னாங்க, பேரப் பிள்ளைங்களத் தேடுற அர்ஜென்டினா பாட்டிமாருக்கு, தேடுனா கெடைக்கும்ங்கற தெம்பு வந்தது இதுலதான். 1985ல ஐநா அகதிகள் ஆணையம் ஆர்ன்ஸுக்கு நான்சன் விருது குடுத்துச்சு.

கம்யூனிஸ்ட் கர்தினால்னு திட்டுறாங்களே?

திட்டுனாங்க, இன்னும் திட்டுறாங்க. தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணப்ப கோவில்கள தொறந்து விட்டாரு, சாப்பாட்டு நிதி சேத்துக் குடுத்தாரு. 1979 அக்டோபர்ல சாந்தோ தியாஸ்ங்கற கத்தோலிக்கத் தொழிலாளர் தலைவர ஃபேக்டரி வாசல்லயே போலீஸ் சுட்டுக் கொன்னப்ப பிணவறைக்கே போயி நின்னாரு. 1977ல கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குள்ள போலீஸ் புகுந்து மாணவர்கள அடிச்சப்ப, இங்க உள்ள வரணும்னா நுழைவுத் தேர்வு எழுதிட்டுதான் வரணும்னு அவரு சொன்னதா இன்னைக்கும் சாவோ பாவுலோல சொல்லிச் சிரிப்பாங்க.

இதெல்லாம் செஞ்சதால கம்யூனிஸ்ட்டுன்னா அது வேடிக்கை. ஆனா ஒரு இடத்துல அவரு சறுக்குனாருன்னுதான் நான் நெனைக்கிறேன். கியூபா புரட்சியோட 30ஆம் ஆண்டுக்கு ஃபிடல் காஸ்ட்ரோவுக்கு ரொம்ப அன்பா ஒரு வாழ்த்துக் கடிதம் எழுதுனாரு, 1989 ஜனவரில கியூபா பத்திரிகைல அது வந்துடுச்சு. அங்கயும் ஜெயில்ல அரசியல் கைதிங்க இருந்தாங்களே. சொந்த ஊர்ல ஒவ்வொரு கைதி பேரையும் எழுதி வெச்ச மனுஷன் அத யோசிச்சிருக்கணும். எதிரிங்களுக்கு பத்து வருஷத்துக்கான தீனி அது.

வத்திக்கானோட எப்படி?

ஆறாம் பவுல் காலத்துல நல்ல ஆதரவு. இரண்டாம் ஜான் பால் காலத்துல இழுபறி. லியோனார்தோ போஃப்ங்கறவரு, ஏழைங்க பக்கம் நின்னு விசுவாசத்தப் பாக்குற விடுதலை இறையியலோட அறிஞர், ஆர்ன்ஸோட பழைய மாணவர், அதே பிரான்சிஸ்கன் சபை. 1984 செப்டம்பர்ல அவர ரோமுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டப்ப ஆர்ன்ஸும் இன்னொரு பிரான்சிஸ்கன் கர்தினால் அலோய்சியோ லோர்ஷெய்தரும் கூடவே போனாங்க. ரெண்டு கர்தினால் சாட்சிக்கு வந்து நிக்குறது விசாரிச்ச கர்தினால் ராட்சிங்கருக்கு (பின்னாடி திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆனவரு) சங்கடமாத்தான் இருந்திருக்கும். இருந்தும் அடுத்த வருஷம் போஃபுக்கு, வெளிய பேசவோ எழுதவோ கூடாதுன்னு மௌனத் தண்டனை வந்துச்சு.

பெரிய அடி 1989 மார்ச்ல. சாவோ பாவுலோ உலகத்துலயே பெரிய உயர்மறைமாவட்டங்கள்ல ஒண்ணு, நிர்வாகத்துக்காக பிரிக்கணும்ங்கறதுல ஆர்ன்ஸுக்கே மாற்றுக் கருத்து இல்ல. ஆனா நகரத்த ஒரே நகரமா வெச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள பங்கு பிரிக்கணும்னு அவரு நெனச்சாரு. ரோம் அவரு திட்டத்த ஏத்துக்காம ஓசாஸ்கோ, காம்போ லிம்போ, சாவோ மிகுவேல் பவுலிஸ்டா, சாந்தோ அமாரோன்னு நாலு புது மறைமாவட்டமா வெட்டிடுச்சு. மாளிகைய வித்துக் கூடங்கள் கட்டுனாரே, அந்த ஏழைப் பகுதிங்கள்ல பெரும்பாலும் அவரு கையவிட்டுப் போச்சு. நிர்வாகக் காரணம்னு ஒரு பக்கம், பழி வாங்கல்னு இன்னொரு பக்கம். ரெண்டும் கலந்துதான் இருந்திருக்கும். அதுக்காக அவரு சண்டைக்கும் போகல, சபையவிட்டும் போகல.

சில்தா ஆர்ன்ஸ் இவருக்கு சொந்தமா?

கூடப் பொறந்த தங்கச்சி, குழந்தை டாக்டர். 1982ல ஜெனீவால ஒரு கூட்டத்துல யுனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட் ஆர்ன்ஸ்கிட்ட, வயித்துப்போக்குல சாகுற குழந்தைங்கள உப்பு சர்க்கரைக் கரைசல் குடுத்தே காப்பாத்தலாம், அத அம்மாக்களுக்கு சொல்லித்தர கோவில் ஆளுங்களாலதான் முடியும்னு சொன்னாரு. ஆர்ன்ஸ் ஊருக்கு வந்ததும் தங்கச்சிக்கு போன் போட்டாரு. 1983ல பரானா மாநிலத்துல ஃப்ளோரெஸ்டோபோலிஸ்ங்கற சின்ன ஊர்ல அவங்க ஆரம்பிச்ச குழந்தைகள் நலப் பணி நாடு முழுக்கப் பரவுச்சு. 2010 ஜனவரி 12ல ஹைட்டி நிலநடுக்கத்துல, அங்க இதே வேலைக்குப் போயிருந்தப்ப, இறந்துட்டாங்க. அண்ணனுக்கு அப்ப 88 வயசு.

ஃபுட்பால் பைத்தியமாமே?

கொரிந்தியன்ஸ் டீம் ரசிகர், வெறித்தனமா. தொழிலாளிங்க டீம் அது. அதப்பத்தி புத்தகமே எழுதியிருக்காரு.

கடைசிக் காலம்?

75 வயசுல ராஜினாமா குடுக்கணும்ங்கறது சட்டம், 1998 ஏப்ரல்ல ஏத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் சாவோ பாவுலோ பக்கத்துல தபோவாவோ தா செர்ராவுல பிரான்சிஸ்கன் கன்னியர் வீட்டுல இருந்தாரு. திருத்தந்தையத் தேர்ந்தெடுக்க கர்தினால்கள் கூடுற கூட்டம்தான் கான்கிளேவ், 1978ல நடந்த ரெண்டுலயும் ஓட்டுப் போட்டவரு, 2005ல வயசு வரம்பு தாண்டிட்டதால போடல. 2016ல நுரையீரல் தொற்றுல இறந்தப்ப, திருத்தந்தையா ஆகி ஓய்வு பெற்ற பதினாறாம் பெனடிக்ட தவிர ஆறாம் பவுல் நியமிச்ச கர்தினால்கள்ல உயிரோட இருந்தவரு இவரு ஒருத்தர்தான். சே பேராலயத்து நிலவறைல அடக்கம் பண்ணியிருக்காங்க, ஹெர்சோக் வழிபாடு நடந்த அதே கோவில்.

அடுத்து வந்தவரும் பிரான்சிஸ்கனா?

ஆமா, கிளாவுதியோ ஹும்மஸ், அவரும் ஓஎஃப்எம், பின்னாடி கர்தினால். 2013 கான்கிளேவ்ல அர்ஜென்டினா கர்தினால் பெர்கோலியோவுக்கு பக்கத்துல உக்காந்திருந்தவரு. ஓட்டு எண்ணிக்கை மூணுல ரெண்டு பங்கு தாண்டுனதும் கட்டிப்பிடிச்சு, ஏழைங்கள மறந்துடாதீங்கன்னு சொன்னாரு. அந்த வார்த்தை கேட்டுத்தான் பிரான்சிஸ்ங்கற பேரு மனசுல வந்துச்சுன்னு அந்தத் திருத்தந்தையே பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னாரு. இயேசு சபைக்காரர் ஒருத்தருக்கு அசிசிக்காரரோட பேரு வந்த வழி இது.

அந்த ஜெராக்ஸ் கட்டுங்கள இப்ப பாக்க முடியுமா?

முடியும். ஒரு செட் கம்பீனாஸ் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துல இருக்கு. வெளிநாட்டுல பத்திரமா இருந்த மைக்ரோஃபிலிம் 2011ல பிரேசிலுக்குத் திரும்பி வந்துச்சு, ஸ்கேன் பண்ணி 2013லேருந்து இணையத்துல இலவசமா வெச்சிருக்காங்க. எல்லாம் போர்ச்சுகீஸ் மொழிலதான். பேரு போட்டுத் தேடுனா அந்தக் கைதியோட வாக்குமூலப் பக்கம், கிளார்க் டைப் அடிச்சது அப்படியே, முத்திரையோட வரும்.